தகரடப்பாவுக்கு மரியாதை

இரண்டு தலையணைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி அவள் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தாள். யாருக்கும் கேட்காது என்று நினைப்பு. எதிர்வீட்டம்மாவின் காதுக்குத் தப்பி அந்தக் கட்டடத்தில் ஒரு பூனைகூட ஏறி இறங்கியதில்லை.

"மறுபடியும் போறா பாருங்க," என்றாள் எதிர்வீட்டம்மா, கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு. "வேண்டாம்னு விட்டுட்டு வந்த புருஷனுக்குத் தலையணை! கூட இருக்கிற புருஷனுக்கு நான் இப்படி ஒருநாளாவது கொண்டு குடுத்திருக்கேனா?"

"இல்லையே," என்றார் அவள் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

கட்டடம் முழுக்க அவளுக்கு மாடிக்காரி என்றுதான் பெயர்; நேரில் பார்த்தால் டீச்சர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய, பக்கத்து சீட்டில் இவள் சாவகாசமாக உட்கார்ந்திருப்பாள். காலடியில் இன்னொரு பிரேக். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. ஏதாவது பிடிக்கவில்லையென்றால் முகத்தில் ஒன்றும் தெரியாது. வலது கால் மட்டும் தரையை அழுத்தும்.

அவளுக்கு நேர் கீழே, முதல் மாடி வீட்டில் படுத்திருந்தவனுக்கு ஆணி என்று பட்டப்பெயர். பகலில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தான். சாயங்காலமானால் தகரடப்பா என்ற பங்க் ராக் குழுவில் கத்தினான். பாடினான் என்று சொன்னால் அவனே கோபித்துக்கொள்வான். கிட்டாரில் மூன்று கார்டு, ஒரு கோபம், தும்மி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். அதற்குள் கூட்டத்தில் யாருக்காவது பல் போயிருக்கும். பின்னால் வந்த குழுக்கள் எல்லாம் தகரடப்பாவைக் கேட்ட பிறகுதான் கிட்டாரைத் தொட்டோம் என்று பேட்டி கொடுத்தன. பேட்டி கொடுத்தவர்களுக்குக் கார் வந்தது. ஆணிக்கு முழங்கால் வலி வந்தது.

சத்தம் தாங்காமல்தான் அவள் விவாகரத்து வாங்கினாள் என்று எல்லோரும் சொன்னார்கள். வக்கீலிடமும் அவள் அப்படியேதான் சொன்னாள். சத்தத்துக்குப் பயந்தவள் எதற்கு நேர் மேல்வீட்டுக்குக் குடிபோனாள், சத்தம் மேலேதானே ஏறும் என்று எதிர்வீட்டம்மா ஒருத்திதான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கவேண்டிய கேள்விதான்.

அவள் விட்டுப்போனது அவன் கத்தியதால் அல்ல, வாயைத் திறக்காததால்.

கல்யாணமான புதிதில் ஒரு குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அது வரப்போகிறதென்று கோடியிலிருந்த சின்ன அறைக்கு ஆணி மஞ்சள் அடித்து வைத்திருந்தான். அவள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோது அறை வெள்ளையாக இருந்தது. பெயிண்ட் வாசனை மூக்கை அடைத்தது. பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவன், "டீ போடட்டுமா?" என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தக் குழந்தையைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவள் அழ ஆரம்பித்தால் எழுந்து ஒத்திகைக்குப் போய்விடுவான். "இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லேன். எனக்கு மட்டும்தான் பொறந்ததா அது?" என்று ஒருநாள் அவள் கேட்டே விட்டாள். அவன் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

போன வருஷம் தொண்டையில் புற்று என்று அறுவை செய்தார்கள். குரல் போய்விட்டது. அன்றிலிருந்துதான் அவள் இறங்கி வர ஆரம்பித்தாள். குரல் இருந்தபோது கேட்டுப் பெறாததைக் குரல் போன பிறகு வாங்க வந்திருக்கிறாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள். ஆனால் அதற்குத்தான் வந்தாள். பிள்ளைகள் எழுதும் சிலேட்டு ஒன்று வாங்கிக்கொடுத்தாள். 'தண்ணி', 'ஜன்னல்', 'எதிர்வீடு பாக்குது' என்றெல்லாம் எழுதிக் காட்டினான். ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "நம்ம குழந்தையைப் பத்தி..." என்று ஆரம்பித்தாள். அவன் சிலேட்டைக் குப்புறக் கவிழ்த்தான்.

இனி நாளெண்ணும் கட்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் தலையணைகளோடு அந்தச் சின்ன அறைக்குள் ஒருக்களித்து நுழைந்தாள். கதவு முழுசாகத் திறக்காது. பின்னால் பெரிய மர அலமாரி தடுக்கும்.

"நகருப்பா. முதுகை நிமித்து. பெரிய மனுஷங்க பாட்டு கொண்டுவராங்களாம், படுத்துக்கிட்டேவா கேப்பே?"

ஆணி நிமிர்ந்தான். வலிக்கு ஒட்டியிருந்த மருந்துப் பட்டையின் மயக்கத்தில் கண்கள் பாதி இங்கே, பாதி வேறெங்கோ இருந்தன. ஜன்னல் திரை மெல்ல உப்பி, மெல்ல இறங்கியது. அறையே மூச்சு விடுவதுபோல் இருந்தது.

முதலில் வந்தவர் டிரம்ஸ்காரர். தகரடப்பாவில் மிச்சமிருந்த இன்னொரு ஆள். இப்போது பூச்சிமருந்து அடிக்கும் கம்பெனி வைத்திருக்கிறார். சட்டையிலேயே அந்த வாசனை.

"அண்ணி, சௌக்கியமா?" என்றார். விவாகரத்து நடந்ததை அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. "டேய் ஆணி, என்னடா ராஜா மாதிரி சாஞ்சிருக்க? நமக்குப் புகழ் வருதுடா. அப்ப ஜனங்களோட காதைக் கெடுத்தோம், இப்பக் கௌரவிக்கிறாங்க. நான் இன்னிக்குவரைக்கும் கரப்பானைக் கொல்றேன், ஒரு கரப்பானாவது எனக்கு விழா எடுக்குதா பாரு."

ஆணியின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாத சிரிப்பு.

அடுத்து ஒரு பெண் வந்தாள். தலைமுடி பாதி நீலம், பாதி சொந்தம். உருண்டை ஸ்பீக்கர் ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்ததும் எதிர்வீட்டுக் கதவு இன்னொரு விரல்கடை திறந்ததை மாடிக்காரி கவனித்தாள்.

"வணக்கம் சார். ஆல்பம் இன்னும் வெளிய விடல. முதல்ல நீங்க கேக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க," என்றாள் நீலமுடி. குரல் அவ்வளவு சன்னம்; இவள் எங்கே பங்க் பாடப்போகிறாள் என்று டிரம்ஸ்காரர் புருவத்தைத் தூக்கினார். "உங்க பாட்டை ஆளுக்கொண்ணா பாடியிருக்கோம் சார். ஒவ்வொரு குழுவும் அவங்கவங்க பாணியில. உங்களுக்கு மரியாதையா."

"யாருக்கு, இவனுக்கா?" என்றாள் மாடிக்காரி. "இவன் மைக்கைத் தூக்கி எறிஞ்சதுல மண்டை உடைஞ்சவங்க சம்மதிச்சாங்களா?"

"அவர்தான் ஆன்ட்டி ரெண்டாவது பாட்டு பாடியிருக்கார்."

பாட்டு ஓட ஆரம்பித்தது. முதல் பாட்டில் வயலின் வந்தது. "அட, நம்ம பாட்டுக்கு வெந்நீர் வெச்சுக் குளிப்பாட்டியிருக்காங்க," என்றார் டிரம்ஸ்காரர். இரண்டாவதில் ஒருவர் வாடகை ஏறியதைப் பற்றி அழுதுகொண்டே கத்தினார். மூன்றாவதில் பஸ் வரவில்லை என்று ஒரு குழு ஆத்திரப்பட்டது.

"நான் அடிச்சப்ப இதுல பஸ்ஸே இல்லையே?" என்றார் டிரம்ஸ்காரர்.

நீலமுடி நெளிந்தாள். "அது வந்து சார்... உங்க ரிக்கார்டுல வார்த்தை எதுவுமே காதுல விழாது. நீங்களும் எங்கயும் அச்சடிச்சுக் குடுக்கல. அதனால அவங்கவங்களுக்கு என்ன தோணிச்சோ அதைப் போட்டுப் பாடிட்டாங்க. எல்லாரும் இதுதான் ஒரிஜினல்னு சத்தியம் வேற பண்றாங்க."

ஆணி தலையணையில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். சிரித்த அயர்ச்சியில் அப்படியே கண்ணை மூடினான். அடுத்தடுத்த பாட்டுகள் அவனுக்குத் தூக்கத்தில் கேட்டனவா, விழிப்பில் கேட்டனவா தெரியவில்லை. கம்பளியின்மேல் ஒரு விரல் மட்டும் தாளம் தப்பாமல் அசைந்துகொண்டிருந்தது. மாடிக்காரிக்கும் கண்ணைச் சுழற்றியது. வெயில் சுவரில் ஏறியிருந்தது. வெள்ளைச் சுவர் வெல்லநிறத்தில் மிதந்தது. பாட்டுகள் யார் வீட்டு ரேடியோவிலிருந்தோ தெரு தாண்டி வருவதுபோல், வந்து வந்து விலகின. அறை கட்டடத்திலிருந்து கழன்று, அவர்கள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு எங்கேயோ மெதுவாக நகர்வதாக அவளுக்கு ஓர் எண்ணம். காலை அழுத்தத் தோன்றவில்லை. போகட்டும் என்று விட்டாள்.

"இது நான் பாடினது," என்றது ஒரு சன்னக் குரல். "'ஏய்' பாட்டு."

மாடிக்காரியின் கால் தரையை அழுத்தியது. அவளுக்கு ஆகவே ஆகாத பாட்டு அது. தகரடப்பாவிலேயே பெரிய பேர் வாங்கினதும் அதுதான். இரண்டு பக்கம் இரைச்சல், நடுவில் "ஏய்! ஏய்!" என்று ஊரே கூடிக் கத்தும். வேலைநிறுத்தம் செய்தவர்கள் கத்தினார்கள், பந்து விளையாட்டில் தோற்றவர்கள் கத்தினார்கள், குடித்துவிட்டுப் போகிறவர்கள் அவள் பயிற்சிக் காரின் கூரையைத் தட்டிக் கத்திவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில நாளிலேயே அவன் கட்டின பாட்டு. வீட்டில் ஒருத்தி சுருண்டு கிடக்கிறாள், இவனுக்குக் கூத்து கேட்கிறது என்று அன்றைக்கே மனசில் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"நான் வார்த்தை எதையும் சொந்தமாப் போடல," என்றாள் நீலமுடி. "பழைய ரிக்கார்டை மெதுவா ஓடவிட்டேன். இன்னும் மெதுவா. இன்னும் மெதுவா. சாரோட குரல் மாடு கத்துற மாதிரி ஆயிடும். ஆனா ஒவ்வொரு வார்த்தையாப் பிரிஞ்சுது. எழுதி எடுக்கவே மாசக்கணக்காச்சு. அப்புறம் அந்த வேகத்துலயே பாடிட்டேன். தப்பா இருந்தா மன்னிச்சுடுங்க சார்."

ஆணி கண்ணைத் திறந்திருந்தான்.

ஒற்றை கிட்டார். பிறகு அந்தக் குரல், யாரையும் எழுப்பிவிடக் கூடாதென்பதுபோல்.

*நாலு கோட்டிங் வெள்ளை அடிச்சாச்சு*
*அடியிலேர்ந்து மஞ்சள் வருது*
*அவ வர்றதுக்குள்ள காயணும்*
*அவ கண்ணுல நீ படாம காயணும்*

மாடிக்காரியின் கால் அழுத்தியபடியே இருந்தது.

*ஒருநாள் வந்த ஆளுக்கு*
*ஒரு ரூம் எதுக்குன்னு கேட்டாங்க*
*அலமாரியை நகர்த்தி வெச்சேன்*
*அது பின்னால கையகலம் அடிக்காம விட்டேன்*
*அங்க இரு*
*அவகிட்ட சொல்லத் தெரியல*
*நீ அங்க இரு*

அதற்கப்புறம் அந்த "ஏய்" வந்தது. நீலமுடி அதைக் கத்தவில்லை. தொட்டிலுக்குள் குனிந்து ஒருவர் கூப்பிடுவாரே, அப்படி இரண்டு தரம் கூப்பிட்டாள்.

ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தது டிரம்ஸ்காரர் மட்டும்தான். ஆணி மாடிக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஒரு பாட்டுக்கு மட்டும்," என்றார் டிரம்ஸ்காரர், யாரிடம் என்றில்லாமல், "இன்னும் வேகமா அடிடா, இன்னும் வேகமா அடிடான்னு என் உயிரை எடுப்பான். மணிக்கட்டு வீங்கிடும். பார்க்கிறவங்களுக்கு வெறி ஏத்தறான்னு நெனச்சேன். முட்டாள்." முட்டாள் யார் என்று சொல்லவில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

நீலமுடிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "தொழிலாளி பாட்டுன்னு நெனச்சேன் ஆன்ட்டி. பெயிண்ட் அடிக்கிறவங்களோட கஷ்டம். சார் அந்த வேலைதானே? சரிதானே?"

"சரிதான்மா," என்றாள் மாடிக்காரி.

அலமாரி இரண்டடி தூரத்தில் இருந்தது. பின்னால் எட்டிப்பார்க்கக் கழுத்தைச் சாய்த்தால் போதாது, நகர்த்த வேண்டும். அவள் எழுந்தாள். ஆணியின் கண்கள் அவள்கூடவே எழுந்தன. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவன் நெற்றியில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கிவிட்டாள். நெற்றி சில்லென்றிருந்தது. இத்தனை வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் அவளுக்குத் தெரியும்.

"டீ போடட்டுமா?" என்றாள்.

ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்காதவனிடம் கேட்கிற கேள்வியா? ஆணியின் தோள்கள் மெல்லக் குலுங்கின. தலையை ஆட்டினான். போடு என்று.

அவள் சமையலறைக்குப் போனாள். பின்னால் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. எல்லாக் குழுக்களும் கூடிச் செய்த சத்தம் அது. பாத்திர அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. எதிர்வீட்டுக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அவள் தண்ணீர் கொதிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். குமிழிகள் அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தன. டீத்தூளைப் போட மறந்துபோனாள். பிறகு போட்டாள். சர்க்கரை அவனுக்கு எத்தனை கரண்டி என்று கை தானாகவே அறிந்திருந்தது.

திரும்பி வந்தபோது பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டிரம்ஸ்காரர் கண்ணை மூடி, இரண்டு முழங்காலிலும் வெறிபிடித்தவர்போல் அடித்துக்கொண்டிருந்தார். நீலமுடி ஜன்னலோரம் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கம்பளியின்மேல் அந்த விரல் நின்றுபோயிருந்தது.

பாட்டின் எந்த இடத்தில் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு சத்தம்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. முடியட்டும் என்று நின்றாள். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. தகரடப்பாவின் பாட்டுதானே.

*

சாயங்காலம் வண்டிக்காரர்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். படிக்கட்டு முழுக்க ஆள். எதிர்வீட்டம்மா எல்லோருக்கும் முன்னால் நின்று, யார் யார் அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிக்காரி அழவில்லை என்பதைக் குறித்துக்கொண்டாள்.

"வாசல் பத்தாதும்மா," என்றார் வண்டிக்காரர்களில் மூத்தவர். "கதவு முழுசாத் திறக்கல. இந்த அலமாரியை அரையடி தள்ளிட்டா ஒரு நிமிஷ வேலை." சொல்லிக்கொண்டே அலமாரியில் தோளைக் கொடுத்தார்.

"அதைத் தொடாதீங்க."

அறைக்குள் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டீயரிங்கைத் தப்பாகத் திருப்புகிறவனை நிறுத்துகிற குரல் அது.

"அரையடிதாம்மா. கீறல் விழாம..."

"நகர்த்த வேண்டாம். கதவைக் கழட்டிக்குங்க."

"கதவையா? அலமாரிக்காகக் கதவைக் கழட்டற வீட்டை இப்பத்தாம்மா பாக்கறேன்." உள்ளே தங்கமா வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தவர், பிணம் இருக்கிற இடம் என்று அடக்கிக்கொண்டார். அதே கேள்வி எதிர்வீட்டம்மாவின் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் எரிந்தது.

டிரம்ஸ்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணி," என்றார் தணிந்த குரலில். "ஒருதரம் பாத்துடலாமே. நானே மெதுவா..."

"வேண்டாம்."

"ஒருவேளை அங்க மஞ்சள் இல்லைன்னா..."

"அதுக்குத்தான் வேண்டாம்ங்கறேன்."

அவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு, "ஸ்க்ரூ டிரைவர் இருக்காப்பா? அண்ணி சொல்றாங்கல்ல, கழட்டுங்க," என்றார்.

கீல்களில் பல காலத்துப் பெயிண்ட் ஏறி, திருகுகள் இறுகிப்போயிருந்தன. திருகத் திருக வெள்ளைச் செதில்கள் உதிர்ந்தன. கழற்றிய திருகுகளை நீலமுடி உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். கதவை இரண்டு பேர் தூக்கிக் கூடத்துச் சுவரில் சாய்த்தார்கள். அதற்குப் பிறகு ஆணி சுலபமாக வெளியே வந்தான். படிக்கட்டின் திருப்பத்தில் யாரோ ஒரு வாலிபன் "ஏய்!" என்று கத்திக் கையை உயர்த்தினான். கீழே தெருவில் நின்ற கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. தெருக்கோடிவரை "ஏய்! ஏய்!" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மாடிக்காரியும் படியிறங்கி, வண்டிவரைக்கும் போய், கூடவே ஏறிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. வாசல்வரை கொண்டுவந்து விட்ட டிரம்ஸ்காரர், கதவை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

எதிர்வீட்டம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னதான் ஆனாலும் சாப்பிடாமல் இருப்பாளே என்று ஒரு தட்டில் எதையோ போட்டு, இன்னொரு தட்டால் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணமும் தட்டுக்கடியில் இருந்தது. வெளிவாசல் தாழ் போடாமல் கிடந்தது. கூடத்தில் ஆளில்லை. உள்ளே எட்டிப்பார்த்தாள்.

மாடிக்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள். அலமாரியின் பக்கவாட்டில், சுவரை ஒட்டிய இடத்தில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். கால்கள் நீட்டியபடி, தளர்ந்து கிடந்தன.

எதிர்வீட்டம்மா தட்டைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். நுனிக்காலில் பின்வாங்கி, காற்று படாமல் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போகலாம் என்று கையை நீட்டினாள். கை வெறும் காற்றைத் துழாவிவிட்டு நின்றது.